இன்னோவா பின் சக்கரத்தில் ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது, வெல்டிங் வைக்கலாமா?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2012 இன்னோவா டீசல், மதுரையில் வீட்டு உபயோகத்துக்குத்தான் ஓடுகிறது. பின்பக்க இடது சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் ஏர் கன்னை வைத்து வரிசையாக நட்டுகளைக் கழற்றினான், நாலு ஒழுங்காக வந்தது, ஐந்தாவது கொஞ்ச நேரம் கிர்ரென்று முனகிவிட்டு 'டப்' என்று ஒரு சத்தம், பார்த்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டின் (நட்டு ஏறும் மரைக்கம்பி) பாதித் துண்டும் கன்னிலேயே வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டி நாலு நட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். "நாலு இருக்கே சார், தாராளமா ஓடும்" என்று கடைக்காரர் சொல்கிறார்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பின்னாலிருந்து ஒரு போல்ட்டை விட்டு வெல்டிங் அடித்துவிடலாம், அரை மணி நேர வேலை என்கிறார். இன்னொருவர் ஆக்சில் ராடையே வெளியே உருவினால்தான் ஸ்டட் மாற்ற முடியும், இரண்டு நாள் வண்டி நிற்கட்டும் என்கிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மூணாறு போவதாகத் திட்டம். நாலு நட்டோடு மலை ஏறலாமா, வெல்டிங் தாங்குமா, ஸ்டட் மாற்றுவது நானே வீட்டில் செய்யக்கூடிய வேலையா? ஓரளவு ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் நானேதான்.


கோவை பட்டறை:

முதலில் வெல்டிங் பேச்சை விட்டுவிடுங்கள். வீல் ஸ்டட் சாதாரண இரும்பு கிடையாது, சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றிய எஃகு. அதில் வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும், சில இடம் இளகும், வெல்டை ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஸ்டட்டோடு போகாமல் ஆக்சிலின் விளிம்புக்கும் அந்தச் சூடு ஏறும், பக்கத்திலேயே பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கின்றன. அப்புறம் நாளைக்கு ஒருநாள் அந்த ஸ்டட்டை மாற்ற வேண்டி வந்தால் கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டும், அதில் விளிம்பில் கீறல் விழுந்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும். அரை மணி நேரத்தில் முடியும் என்பது மட்டும் உண்மை.

ஆக்சிலை உருவத் தேவையில்லை. இன்னோவா பின்பக்கம் டிரம் பிரேக், சக்கரத்தைக் கழற்றினால் டிரம், டிரம்மை இழுத்தால் ஆக்சில் விளிம்பு, ஐந்து ஸ்டட்டும் அந்த விளிம்பின் ஓட்டைகளில் பின்னாலிருந்து இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். தலை பின்பக்கம், மரை முன்பக்கம். தலைக்குக் கீழே சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், அந்தப் பற்கள்தான் ஓட்டையைக் கடித்துக்கொண்டு ஸ்டட்டைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கின்றன. பழையதைப் பின்பக்கமாகத் தட்டி வெளியே எடுக்க வேண்டும், புதியதைப் பின்பக்கமிருந்து விட்டு நட்டு போட்டு முன்பக்கமாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நல்ல ஸ்டட், அதுவும் நம் ஊர் வெயிலில் ஓடிய வண்டியில், கழற்றும்போது முறிவது அபூர்வம். இறுக்கும்போது முறிந்தால் கன்னைக் குறை சொல்லலாம். கழற்றும்போது முனகி முறிந்தது என்றால் மரை ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நட்டு கையில் இருக்கிறதா? மற்ற நாலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உயரம், நிறம், ஸ்பேனர் அளவு எல்லாம் ஒன்றுதானா என்று சொல்லுங்கள்.


ஹைவே ராஜா:

எல்லாரும் பயமுறுத்தாதீர்கள். நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவன், ஐந்தில் ஒன்று இல்லாமல் சென்னை, திருப்பதி, பெங்களூரு எல்லாம் போய் வந்திருக்கிறேன். நாலு ஸ்டட் மட்டுமே உள்ள கார்கள் ரோட்டில் எத்தனை ஓடுகின்றன, ஸ்விஃப்ட்டுக்கு நாலுதானே, அதெல்லாம் கழன்று விழுகிறதா? மூணாறு போய்விட்டு வந்து பொறுமையாக மாற்றுங்கள் ஜி.


மரைக்கணக்கு:

ராஜா அண்ணே, ஸ்விஃப்ட்டில் நாலும் சம இடைவெளியில் இருக்கிறது, வண்டியும் ஒரு டன்னை ஒட்டியதுதான். இன்னோவா ஆட்களும் சாமானும் ஏறினால் இரண்டு டன்னைத் தாண்டும், அதில் ஐந்தில் ஒன்று இல்லை என்றால் ஒரு பக்கம் பெரிய ஓட்டை விழுந்த மாதிரி. அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்டட்டுகள்தான் பாரத்தை வாங்கும்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தை ஸ்டட் தாங்கிப் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் போல ஒரு துளி நீளுகிறது, அது திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை டிரம்மோடும் விளிம்போடும் அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. 12 மிமீ ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டுக்கு 4 டன்னுக்குச் சற்று மேல் விசை வரும். ஐந்துக்கு 20 டன்னுக்கு மேல், நாலுக்கு 17 டன். இவ்வளவு இருக்கும்போது ஒன்று போனால் என்ன என்று தோன்றும், நேர் ரோட்டில் மெதுவாகப் பட்டறை வரைக்கும் போக அது போதும்தான். ஆனால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓட்டைப் பக்கம் கீழே வரும்போது பக்கத்து ஸ்டட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வளைந்து நிமிர்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 சுற்று. போடியிலிருந்து மூணாறு ஏறி இறங்கினால் எத்தனை ஆயிரம் தடவை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் ஒரு நட்டு சிக்கும் அளவுக்கு கன் போட்டவர்கள் மற்ற நாலையும் எப்படி இறுக்கியிருப்பார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.

வழக்கமாக வீல் ஸ்டட்டுகள் 10.9 தரத்தில் வரும். முதல் எண் 10 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 1000 நியூட்டன் இழுவை தாங்கும் என்று பொருள், பின்னால் உள்ள 9 என்றால் அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாக்குப்பிடிக்கும். நம் மெக்கானிக் வெல்டிங் வைக்க எடுக்கும் போல்ட் ஹார்டுவேர் கடையில் வாங்கியது என்றால் பெரும்பாலும் 8.8, பல நேரம் அதுவும் இருக்காது. இதே கணக்கில் 12 மிமீ ஸ்டட் உலர்ந்த மரையில் 220 நியூட்டன் மீட்டர் பக்கம் போனாலே முறியும் எல்லைக்கு வந்துவிடும். 70 கிலோ ஆள் ஒன்றேகால் அடி ஸ்பேனர் முனையில் ஏறி நின்றால் 260 தாண்டும். டயர் கடை ஏர் கன் சொல்லவே வேண்டாம்.


வைகைக்கரை:

பட்டறை அண்ணே, நீங்கள் கேட்டபடி டிக்கியில் கிடந்த நட்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற நாலும் கொஞ்சம் மங்கிய நிறம், 21 ஸ்பேனர் சரியாக உட்காருகிறது. முறிந்தது மட்டும் பளபளவென்று இருக்கிறது, 21 போட்டால் லொடலொடவென்று சுற்றுகிறது, 19தான் பிடிக்கிறது. இப்போது ஞாபகம் வருகிறது, போன மழைக்காலத்தில் ஸ்டெப்னி மாற்ற நானே முயற்சி செய்தபோது வண்டியோடு வந்த ஸ்பேனர் ஒரு நட்டில் மட்டும் வழுக்கியது, ஸ்பேனர்தான் தேய்ந்துவிட்டது என்று விட்டுவிட்டோம். வேறு ஏதோ காரின் நட்டா இது?


கோவை பட்டறை:

அதேதான். 19 ஸ்பேனர் என்றால் மாருதி நட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. இன்னோவா ஸ்டட் 12 மிமீ, மரை இடைவெளி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம், 1.5 மிமீ. ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்ற சுசூகி வண்டிகளிலும் 12 மிமீதான், ஆனால் மரை இடைவெளி 1.25. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கையால் போட்டால் ஒன்றிரண்டு சுற்று போய் நின்றுவிடும், கையால் போடுகிறவன் அங்கேயே புரிந்துகொண்டு நட்டை மாற்றிவிடுவான். ஆனால் நட்டை சாக்கெட்டிலேயே வைத்து முதல் சுற்றிலிருந்தே கன்னால் அடிக்கிற கடைகளில் அது நிற்காது, ஸ்டட்டின் மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். போனதும் இறுகிவிட்டது என்று நினைப்பார்கள். பாதி வழியில் சிக்கியிருக்கும், ரிம்மை அழுத்தியே இருக்காது. ஆக உங்கள் வண்டி மழைக்காலத்திலிருந்தே நாலு நட்டில்தான் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் கடையில் பக்கத்து வண்டி நட்டு ஒன்று உருண்டு வந்து உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும், வேண்டுமென்று செய்வதில்லை, எல்லா நட்டையும் ஒரே டப்பாவில் போடுகிற பழக்கம்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் பிரேக் பேட் மாற்றுகிற ஆள் என்றால் தாராளமாகச் செய்யலாம். கடையில் வாங்கும்போது பழைய ஸ்டட்டின் துண்டைக் கொண்டுபோகாதீர்கள், அதில் பல் பகுதி இருக்காது. வண்டி மாடல், வருடம், பின்பக்கம் என்று சொல்லி கம்பெனி பாகமாகவே வாங்குங்கள். நீளமும் மரையும் ஒத்துப்போனாலும் பல் பகுதியின் விட்டம் கொஞ்சம் சிறியதாக இருந்தால் ஓட்டையில் கடிக்காது, நட்டோடு சேர்ந்து சுற்றும். பெரியதாக இருந்தால் விளிம்பு வெடிக்கும். மூன்று ஸ்டட், ஆறு நட்டு வாங்குங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இது முக்கியம், ஏனென்றால் டிரம் வர ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும், பின் ஆக்சிலைத் திருப்ப கியரையும் நியூட்ரலில் வைத்தாக வேண்டும், அதாவது வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள் மட்டும்தான். தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு.

டிரம் லேசில் வராது. டிரம் முகத்தில் மரை வெட்டிய சின்ன ஓட்டை இரண்டு இருக்கும், 8 மிமீ போல்ட் இரண்டை அதில் மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளும். சம்மட்டியால் டிரம் விளிம்பில் அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு, உடையும். வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்று அடிக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். அப்படியே ஆக்சில் சீல் பக்கம் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை, இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது, திரும்ப ஒருமுறை இவ்வளவையும் கழற்ற யாருக்கும் மனசு வராது.

இனி விளிம்பைத் திருப்பி, முறிந்த ஸ்டட்டின் தலை பிரேக் ஷூவிலும் ஸ்பிரிங்கிலும் இடிக்காமல் பின்னால் விழும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சில வண்டிகளில் இடம் இருக்கும், சிலவற்றில் ஒரு பக்க ஷூவைத் தளர்த்தி நகர்த்த வேண்டிவரும். மீதித் துண்டின் மேல் பித்தளை ராடு வைத்து நேராக இரண்டு மூன்று நல்ல அடி. கேட்காவிட்டால் கண்மூடித்தனமாக அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒவ்வொரு அடியும் ஆக்சில் பேரிங்கில் போய் விழுகிறது. பால் ஜாயிண்ட் கழற்றும் கருவியோ பெரிய சி கிளாம்போ இருந்தால் அதை வைத்து அழுத்தி எடுப்பது இன்னும் நல்லது. மண்ணெண்ணெயோ பெனட்ரேட்டிங் ஆயிலோ கொஞ்சம் ஊற்றி ஊறவிடலாம், ஷூ லைனிங் மேல் மட்டும் படக்கூடாது.

புதியதை ஏற்றுவதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஓட்டையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பழைய ஸ்டட் விட்டுப்போன பல் தடத்தில் புதிய ஸ்டட்டின் பல் உட்காரும்படி கையால் சுற்றிப் பார்த்துப் பொருத்துங்கள். முன்பக்கம் தடிமனான வாஷர் நாலைந்து அடுக்கி, வாஷர்களுக்கு நடுவில் கொஞ்சம் கிரீஸ், அதன்மேல் ஒரு நட்டைத் திருப்பிப் போடுங்கள், அதாவது கூம்பு வெளியே, தட்டைப் பக்கம் வாஷரில். இதற்கு மூடி இல்லாத, இரு பக்கமும் திறந்த நட்டு வேண்டும். இப்போது கியரில் போட்டால் மறுபக்கச் சக்கரம் தரையில் இருப்பதால் விளிம்பு சுற்றாது. நீளக் கைப்பிடி ஸ்பேனரால் மெதுவாக இறுக்க இறுக்க ஸ்டட் உள்ளே வரும். பாரம் ஒரே சீராக இருந்து ஓரிடத்தில் திடீரென்று கல் மாதிரி நிற்கும், அப்போது பின்னால் டார்ச் அடித்து தலை விளிம்போடு ஒட்டியிருக்கிறதா, தாள் நுழையும் இடைவெளி கூட இல்லையா என்று பாருங்கள். இழுக்கப் பயன்படுத்திய அந்த நட்டைக் குப்பையில் போடுங்கள், சக்கரத்துக்குத் திரும்பப் போட வேண்டாம். அதற்குத்தான் கூடுதல் நட்டு.

பக்கத்து இரண்டு ஸ்டட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டிரம் திறந்த பிறகு ஒன்றுக்கும் மூன்றுக்கும் வேலை வித்தியாசம் பெரிதாகக் கிடையாது.


ஸ்காபரோ சிவம்:

பட்டறை அண்ணை சொன்ன முறையைத்தான் நாங்களும் செய்கிறோம். ரொறன்ரோவில் இது எல்லாருக்கும் பழகிப்போன தலையிடி. வருடத்துக்கு இரண்டு முறை, பனிக்கால டயருக்கும் கோடைகால டயருக்கும் மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் நட்டு கழற்றிப் பூட்டுகிறோம். அதோடு தெருவில் கொட்டுகிற உப்பு இருக்கிறதே, அது நட்டையும் ஸ்டட்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும், கழற்றும்போது ஸ்டட் முறிவது இங்கு அதிசயமே இல்லை. இங்கு அனேகமான டயர் கடைகளில் வேலை முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள், 100 கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வந்து நட்டு இறுக்கத்தைச் சரிபார்க்கவும் என்று. நீங்களும் மூணாறு ஏறுவதற்கு முன்னம் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு ஒருக்கால் பாருங்கோ.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், நான் மரையில் எப்போதும் ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை துருவேறிச் சிக்காமல் இருக்கப் பூசும் பசை) கொஞ்சம் பூசிவிடுவேன். இத்தனை பனிக்காலத்தில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.


மரைக்கணக்கு:

சிவம் அண்ணா, உங்கள் ஊரில் உப்பு இருக்கிறது, காரணம் புரிகிறது. மதுரைக்கு அது தேவையில்லை, பூசினால் இறுக்கும் அளவைக் குறைத்தாக வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. மேனுவலில் கொடுத்திருக்கும் டார்க் அளவு, அதாவது நட்டை இறுக்க வேண்டிய திருகு விசை, உலர்ந்த மரைக்கு. நாம் போடும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போகிறது, மிச்சம்தான் ஸ்டட்டை நீட்டுகிறது. ஆயிலோ பேஸ்ட்டோ பூசினால் உராய்வு குறையும், அதே 100 நியூட்டன் மீட்டருக்கு 4 டன்னுக்குப் பதில் 6 டன் வரை இழுவை ஏறலாம். ஸ்டட் உடனே முறியாது, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நட்டின் கூம்பு ரிம்மில் உட்காரும் இடத்தில் பூசினால் இன்னும் மோசம், தானாகத் தளர வாய்ப்பு அதிகம்.

பேஸ்ட் பூச ஆசையாக இருந்தால் விளிம்பின் நடுவில் ரிம் உட்காரும் வளையத்தில் மெல்லிசாகப் பூசுங்கள், ரிம் துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். மரைக்கு ஒரு கம்பி பிரஷ் போதும்.


ஸ்காபரோ சிவம்:

நீங்கள் சொல்கிற கணக்கு சரிதான், நான் டார்க்கைக் குறைத்துத்தான் பூட்டுகிறேன், அதை எழுதாமல் விட்டேன். ஆனாலும் இங்குள்ள துருவைப் பார்த்தால் நீங்களும் பூசத்தான் செய்வீர்கள்.


பழைய கிளீனர்:

லாரிப் பக்கம் இருந்தவன் நான், அங்கே இது கட்டுப்பாடான விதி. ஒரு ஸ்டட் முறிந்தால் அதற்கு இரு பக்கமும் உள்ள ஸ்டட்டையும் சேர்த்து மாற்று, இரண்டு முறிந்தால் அந்தச் சக்கரத்தில் மொத்தத்தையும் மாற்று. முறியாமல் நிற்கிறதே என்று விட்டால் அடுத்த முறிவு அதில்தான். காருக்கும் அதே நியாயம்தான். லண்டனில் இருக்கும் என் தம்பி மகன் சொல்கிறான், அங்கே வருடாந்திரச் சோதனையில் ஒரு நட்டு இல்லை என்றாலே வண்டி தேறாதாம், ஒன்றுக்கு மேல் என்றால் ஆபத்தான வண்டி என்று எழுதி நிறுத்திவிடுவார்களாம். நம் ஊரில் நாலு போதும் என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் காசும் வாங்கிக்கொள்கிறோம்.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: இடது பக்கச் சக்கரங்களில் இடப்புரி மரை இருக்கும், ஸ்டட் முனையில் ஆங்கில எல் எழுத்து பொறித்திருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் கழற்றப்போய் இறுக்கிக்கொண்டே முறித்தவர்கள் உண்டு. இன்னோவாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது.


ஹைவே ராஜா:

சரி சரி, எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீர்கள். ஆனால் 19 நட்டு விஷயம் படித்ததும் கீழே போய் என் வண்டியில் பார்த்துவிட்டேன், இருபதும் ஒரே நட்டுதான். ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவனிடம் டார்க் ரெஞ்ச் எல்லாம் எதிர்பார்க்க முடியாது நண்பரே, அதற்கு என்ன வழி?


கோவை பட்டறை:

ராஜா, கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், நட்டைக் கையால் கடைசிவரை சுற்றிவிட்டு அப்புறம் கருவியை எடுங்கள் என்று. கடைசி இறுக்கம் உங்கள் வண்டி ஸ்பேனரால் நீங்களே போடுங்கள், ஒரு நட்டிலிருந்து பக்கத்து நட்டுக்குப் போகாமல் ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் வரைகிற வரிசையில். வண்டியோடு வரும் ஸ்பேனரின் நீளத்துக்கு, முனையில் பிடித்து நின்றபடி கை பலத்தில் நன்றாக ஒரு அழுத்து போதும். பைப் மாட்டி நீளம் கூட்டுவது, ஏறி மிதிப்பது இரண்டும் வேண்டாம். வீடு வந்ததும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்துக்கொள்ளலாம்.


வைகைக்கரை:

வேலை முடிந்தது, எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

உதிரிப் பாகக் கடையில் முதலில் முன்பக்க ஸ்டட்டைத்தான் எடுத்துப் போட்டார், பின்பக்கம் என்று அழுத்திச் சொன்ன பிறகு நம்பர் பார்த்து வேறு கொடுத்தார். டிரம்தான் அதிக நேரம் வாங்கியது. 8 மிமீ போல்ட் இரண்டும் ஏறின, ஆனால் டிரம் பாதி வந்து நின்றுவிட்டது, உள்ளே தேய்ந்த விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டது. பின்தட்டு ஓட்டை வழியாக ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் வந்துவிட்டது. முறிந்த துண்டு பித்தளை ராடில் சீக்கிரமே விழுந்தது, ஆனால் தலை வெளியே வர ஒரு பக்க ஷூவின் பிடிப்பு ஸ்பிரிங்கை எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவதற்குள் விரல் நகம் போய்விட்டது, தனியாகச் செய்கிறவர்கள் ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஸ்டட் இரண்டையும் மாற்றினேன். வெளியே எடுத்துப் பார்த்தபோது ஒன்றின் மரை மேல்பாதியில் நீண்டுபோயிருந்தது, புதிய நட்டைக் கையால் போட்டால் நடுவில் இறுகுகிறது. அதையும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மரைக்கணக்கு அண்ணன் கணக்கு போட வேண்டாம், எனக்கே புரிகிறது. சீல் பக்கம் ஈரம் இல்லை. டார்க் ரெஞ்ச் நண்பரிடம் இரவல் வாங்கி மேனுவல் அளவுக்கு இறுக்கினேன். அட்ஜஸ்டரைத் திரும்ப ஏற்றி ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன். மற்ற மூன்று சக்கரங்களிலும் ஸ்டெப்னியோடு வந்த பையிலும் எல்லா நட்டையும் 21 போட்டுப் பார்த்துவிட்டேன், வேற்று நட்டு எதுவும் இல்லை. தேனியில் டீக்கு நிறுத்தியபோது மறுபடி இறுக்கம் பார்த்தேன், ஒன்று மட்டும் லேசாக நகர்ந்தது, மற்றவை அப்படியே இருந்தன.


போலோ பிரியா:

நல்ல இழை. ஒரு குறுக்குக் கேள்வி, என் கார் ஃபோக்ஸ்வாகன் போலோ, இதில் ஸ்டட்டே இல்லையே, போல்ட்தான் வருகிறது. இதில் முறிந்தால் என்ன செய்வது?


கோவை பட்டறை:

போலோவில் 14 மிமீ போல்ட் நேராக ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மரையில் ஏறும். போல்ட்டை மாற்றுவது சுலபம், கடையில் வாங்கிப் போட வேண்டியதுதான். ஆனால் மரை சிக்கி ஹப்புக்குள்ளேயே முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், ஹப்பின் மரை கெட்டுவிட்டால் ஹப்பையே மாற்ற வேண்டிவரும். அதனால் உங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், முதல் நாலைந்து சுற்றுக் கையால்தான். போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டையாக இருக்கிறதா கூம்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள், வெளியில் அலாய் ரிம் வாங்கிப் போட்டிருந்தால் அதற்கேற்ற போல்ட் வேண்டும், கம்பெனி போல்ட் அதில் சரியாக உட்காராது.


போலோ பிரியா:

அலாய் வெளியில் வாங்கியதுதான் அண்ணா. போல்ட் எது கொடுத்தார்கள் என்று நாளைக்குக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தனி இழை போடுகிறேன்.